சோதனைச் சீட்டை நீக்கியதும் கப்பல் நிறைந்தது ஏன்?

வாசகர் கேள்வி – பதில்: கப்பல் சுற்றுலா

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன: கொரோனா விதிகள் தளர்ந்தபோது சொகுசுக் கப்பல்களுக்குத் திரும்பிய கூட்டம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

மதுரை வாசகர்: விதிகளைத் தளர்த்திய சில நாளிலேயே கார்னிவல் நிறுவனத்தின் முன்பதிவு இரண்டு மடங்கானது என்று படித்தேன். விதியை எடுத்ததால்தான் கூட்டம் வந்ததா, இல்லை நிறுவனம் தம்பட்டம் அடிக்கிறதா?

இரண்டும் உண்டு. முதலில் நடந்ததைப் பார்ப்போம். 2022 ஆகஸ்ட் 12, வெள்ளிக்கிழமை. அமெரிக்கச் சொகுசுக் கப்பல் நிறுவனமான கார்னிவல் குரூஸ் லைன் புதிய விதிகளை அறிவித்தது. செப்டம்பர் 6 முதல், 16 இரவுக்குக் குறைந்த பயணங்களில், தடுப்பூசி போட்டவர்களுக்குப் பரிசோதனை தேவையில்லை. போடாதவர்கள் இனி விலக்குக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டாம், ஏறுவதற்கு முந்தைய 3 நாளுக்குள் எடுத்த நெகட்டிவ் முடிவு இருந்தால் போதும். அடுத்த திங்களன்று, அதாவது ஆகஸ்ட் 15 அன்று வந்த முன்பதிவு, 2019-இல் அதற்கு இணையான நாளில் வந்ததைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று நிறுவனம் செய்தி வெளியிட்டது.

இது ஒரே ஒரு நாளின் கணக்கு என்பதை மறக்க வேண்டாம். வெள்ளியன்று அறிவிப்பு, நடுவில் சனி, ஞாயிறு, திங்களன்று ஏஜென்ட் அலுவலகம் திறக்கிறது. மாதக்கணக்கில் 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்று தள்ளிப்போட்டவர்கள் அன்றைக்கு ஒட்டுமொத்தமாக வந்து விழுவது இயல்பு. எண்ணைத் தேர்ந்தெடுத்து வெளியிட்டதும் நிறுவனமேதான். அதனால் 'இரண்டு மடங்கு' என்பதை ஆண்டு முழுவதற்கும் நீட்டிப் படிக்கக் கூடாது.

ஆனால் ஏற்றம் பொய்யில்லை. அந்தக் கோடையில் அமெரிக்கப் பயணி ஒருவர் முன்னால் இருந்த வாய்ப்புகளை எண்ணிப் பாருங்கள். விமானத்தில் முகக்கவசக் கட்டாயம் ஏப்ரல் 18-இல் நீதிமன்றத் தீர்ப்பால் போய்விட்டது. வெளிநாட்டிலிருந்து விமானத்தில் திரும்புகிறவர்களுக்கான பரிசோதனையும் ஜூன் 12-இல் நீங்கியது. மெக்ஸிகோவின் கான்கூன் கடற்கரை விடுதிக்குப் போய் ஒரு வாரம் தங்கி வர ஒரு சோதனையும் வேண்டாம். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கொசுமெல் தீவுக்குக் கப்பலில் போனால் மட்டும் தடுப்பூசிச் சான்று, பரிசோதனை முடிவு, துறைமுகத்தில் வரிசை. ஒரே வெயில், ஒரே கடல். கப்பல் மட்டும் தனித்துத் தண்டிக்கப்பட்டது போல ஆகிவிட்டது. அந்த வித்தியாசம் நீங்கிய நாளில் கூட்டம் திரும்பியதில் வியப்பில்லை.

இதோடு இன்னொரு கணக்கும் சேர்கிறது. அப்போது அமெரிக்கர்களில் ஏறத்தாழ 3-இல் 1 பங்கினர் முழுத் தடுப்பூசி போட்டிருக்கவில்லை. விலக்குக் கிடைத்தால் ஒழிய அவர்களுக்குக் கப்பல் கதவே திறக்கவில்லை. ஆகஸ்ட் அறிவிப்பு அவர்களைச் சந்தைக்குள் கொண்டுவந்தது. பழைய வாடிக்கையாளரின் தயக்கம் தீர்வது ஒரு வகை, வாங்கவே முடியாமல் இருந்தவர் வாங்க வருவது வேறு வகை. அந்தத் திங்கட்கிழமையில் இரண்டும் கலந்திருந்தன. எது எவ்வளவு என்று நிறுவனம் பிரித்துச் சொல்லவில்லை.

தளர்வு ஏன் ஆகஸ்டில் என்ற கேள்விக்கும் விடை தேதிகளில் இருக்கிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2020 மார்ச் 14-இல் கப்பல் ஓட்டத்தையே தடை செய்தது. அக்டோபர் 30-இல் அதை நிபந்தனையோடு கூடிய அனுமதியாக மாற்றியது. ஆனாலும் அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து முதல் பெரிய கப்பலான செலிப்ரிட்டி எட்ஜ் பயணிகளோடு கிளம்ப 2021 ஜூன் 26 ஆயிற்று. நிபந்தனைகள் 2022 ஜனவரி 15-இல் காலாவதியாகி, 'விரும்பினால் பின்பற்றலாம்' என்ற திட்டமாகின. அந்தத் திட்டத்தையும் சிடிசி ஜூலை 18-இல் மூடியது. அதுவரை நிறுவனங்களுக்கு 'சிடிசி சொல்கிறது' என்ற கவசம் இருந்தது. ஜூலைக்குப் பிறகு விதி வைப்பதும் எடுப்பதும் அவரவர் பொறுப்பு. மூன்றே வாரத்தில் போட்டி தொடங்கிவிட்டது. போட்டி நிறுவனமான ராயல் கரீபியன் ஆகஸ்ட் 8 முதல் 5 இரவு வரையிலான பயணங்களில் தடுப்பூசி போட்டவர்களுக்குப் பரிசோதனையை நீக்கியது. இன்னொரு நிறுவனமான நார்வீஜியன் செப்டம்பர் 3 முதல் தளர்த்துவதாகச் சொன்னது. ஒருவர் விதியை நீக்கியபின் மற்றவர் வைத்திருந்தால் கேபின் காலியாகக் கிடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கோயம்புத்தூர் வாசகி: மூக்கில் குச்சி விட்டுப் பார்ப்பது பத்து நிமிட வேலை. அதற்காக ஒரு குடும்பம் பயணத்தையே வேண்டாம் என்று சொல்லுமா?

குச்சி பெரிய விஷயமில்லை. அதன் முடிவு எப்போது தெரியும் என்பதுதான் விஷயம். ஆன்டிஜென் பரிசோதனை என்றால் ஏறும் நாளுக்கு 2 நாள் முன்பு, பிசிஆர் என்றால் 3 நாள் முன்பு எடுத்ததாக இருக்க வேண்டும் என்பது அப்போதைய வழக்கம். ஞாயிறு கப்பலுக்கு வியாழன் காலைக்கு முன் எடுத்த எந்த முடிவும் செல்லாது. ஆனால் கப்பல் கட்டணம் 75 முதல் 90 நாள் முன்பே முழுக்கக் கட்டியாயிற்று, விமான டிக்கெட் வாங்கியாயிற்று, அலுவலகத்தில் லீவு போட்டாயிற்று. பந்தல் போட்டு, சமையல் தொடங்கியபின் கல்யாணம் நடக்குமா என்று தெரிந்துகொள்வது மாதிரி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அறிகுறி இல்லாத ஒருவருக்குப் பாசிட்டிவ் வர 100-க்கு 3 வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம் (கணக்கு புரிவதற்காக எடுத்துக்கொண்ட எண் இது). கணவன், மனைவி இருவர் போனால், இருவரில் ஒருவருக்காவது வர 100-க்கு 6. தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள் என 6 பேர் போனால், யாராவது ஒருவருக்கு வர 100-க்கு 17. ஒருவருக்கு வந்தால் அதே கேபினில் தங்குகிறவர்களையும் நெருங்கிய தொடர்பு என்று நிறுத்திவிடுவார்கள். கப்பல் நிறுவனம் தன் கட்டணத்தைத் திருப்பித் தரும், அல்லது பின்னொரு பயணத்துக்குக் கடனாக எழுதிவைக்கும். விமான டிக்கெட்டுக்கும் விடுதிக்கும் அது பொறுப்பில்லை.

ஆகவே பரிசோதனையின் சுமை எல்லோர் மேலும் ஒரே அளவில் விழவில்லை. தனியாகப் போகிறவருக்கு அது ஒரு தொல்லை. மூன்று தலைமுறைக் குடும்பத்துக்கோ 6-இல் 1 முறை எல்லாம் கவிழ்ந்துபோகும் சூதாட்டம். கார்னிவல் போன்ற நிறுவனத்தின் பிழைப்பே கால்வெஸ்டன், நியூ ஆர்லியன்ஸ், ஜாக்சன்வில் போன்ற துறைமுகங்களுக்குக் காரில் வந்து ஏறும் இப்படிப்பட்ட குடும்பங்கள்தான். மூன்று, நான்கு நாள் பயணம், கடைசி நேர முடிவு. 'வர்ற வாரம் போகலாமா' என்று கேட்கிறவரிடம் சோதனை நேரம் வாங்கு, வீடியோவில் ஆளைக் காட்டிக் கிட்டைத் திற, முடிவைப் பதிவேற்று என்றால் அவர் வேறு பக்கம் பார்ப்பார். ராயல் கரீபியன் முதலில் குறும்பயணங்களுக்கு விலக்களித்ததற்கு இதுவே காரணம் என்பது நம் கணிப்பு.

குழந்தைகள் விஷயமும் இருக்கிறது. அமெரிக்காவில் 5 முதல் 11 வயதினருக்கு 2021 இறுதியில்தான் தடுப்பூசி வந்தது, 5-க்குக் கீழே 2022 ஜூனில். கப்பலில் 95 விழுக்காட்டினர் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்ற வரம்பில், 3,000 பேர் ஏறும் கப்பலில் போடாதவர்களுக்கு மிஞ்சியது 150 இடம். பள்ளி விடுமுறையில் ஒரு கப்பலில் அதைப் போல் பல மடங்கு குழந்தைகள் வருவார்கள். கேபின் காலியாக இருந்தும் குழந்தைக்கு இடம் இல்லாத விசித்திரம் அப்படி வந்தது.

சேலம் வாசகர்: கடுமையான விதி இருந்தால்தானே என் வயதுக்காரர்களுக்கு (71) தைரியம் வரும்? தளர்த்தியதும் அவர்கள் ஓடிப்போயிருக்க வேண்டுமே!

உங்களைப் போல் நினைத்தவர்கள் உண்டு. நார்வீஜியன் நிறுவனம் அந்த நம்பிக்கையின் மேல்தான் கடை விரித்தது. எல்லோருக்கும் தடுப்பூசி என்று விதி வைத்து, சான்று கேட்கக் கூடாது என்ற ஃப்ளோரிடா மாநிலச் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டு, 2021 ஆகஸ்டில் இடைக்காலத் தடையும் வாங்கியது. 2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் 3,711 பேரோடு நிறுத்திவைக்கப்பட்ட டைமண்ட் பிரின்சஸில் 700-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று வந்ததை யாரும் மறந்திருக்கவில்லை. தொடக்கத்தில் கடுமை விற்கும் சரக்காகவே இருந்தது.

கப்பல் நிரம்பிய அளவை வைத்துப் பார்த்தால், 2022-இன் இரண்டாம் காலாண்டில் ராயல் கரீபியன் 82 விழுக்காடு, நார்வீஜியன் 65. மூன்றாம் காலாண்டில் 96-க்கு 82. இதைக் காட்டி 'கடுமை தோற்றது' என்று எழுதியவர்கள் உண்டு. அது அரைக் கணக்கு. நார்வீஜியன் குழுமத்தின் பயணங்கள் நீளமானவை, ஐரோப்பாவிலும் தொலைதூரத் துறைமுகங்களிலும் அதிகம். உக்ரைன் போரால் ரஷ்யத் துறைமுகங்கள் போனதும் அந்த ஆண்டில்தான். ராயலுக்குப் பக்கத்திலேயே கரீபியன் கடல். விதி ஒரு காரணம், கடல் வழி மற்றொரு காரணம்.

(கப்பல் தொழிலில் ஒரு கேபினுக்கு 2 பேர் என்று வைத்து 100 விழுக்காடு கணக்கிடுகிறார்கள். மூன்றாவது, நான்காவது படுக்கையில் குழந்தைகள் ஏறினால் 100-ஐத் தாண்டும். அதனால் 96 என்பது நிறைந்த கப்பல் இல்லை. குடும்பங்கள் முழுதாகத் திரும்பவில்லை என்பதற்கான அடையாளம் அது. ராயல் 2019-இல் 108 வைத்திருந்தது.)

அச்சம் முன்பதிவைக் குறைத்தது உண்மையிலும் நடந்தது. 2021 டிசம்பர் 30-இல், ஓமிக்ரான் அலையில், தடுப்பூசி போட்டவர்களும் கப்பலைத் தவிர்க்க வேண்டும் என்று சிடிசி உச்சபட்ச எச்சரிக்கையான நிலை 4-ஐ அறிவித்தது. கிளம்பும் நாள் நெருங்கிய பயணங்களில் ரத்துகள் கூடியதாக ராயல் கரீபியன் அப்போது ஒப்புக்கொண்டது. அதற்கு முன் 6 மாதத்தில் 11 லட்சம் பேரை ஏற்றியதில் 1,745 பேருக்குத்தான் பாசிட்டிவ் என்றும் சேர்த்துச் சொன்னது. அது எடுபடவில்லை. எச்சரிக்கை 2022 பிப்ரவரி 15-இல் 3-க்கும், மார்ச் நடுவில் 2-க்கும் இறங்கி, மார்ச் 30-இல் முற்றிலும் நீங்கியது. கவனிக்க வேண்டியது: குறைந்தது அருகிலுள்ள பயணங்கள். அடுத்த ஆண்டுக்கான முன்பதிவு அவ்வளவு அசையவில்லை. அச்சப்பட்டவர்களில் பலர் தள்ளிப்போட்டார்கள், விட்டுவிடவில்லை.

தூத்துக்குடி வாசகர்: முன்பதிவு பெருகியது என்றால் கார்னிவல் பங்கு ஏன் 2022 செப்டம்பர் 30 அன்று ஒரே நாளில் 23 விழுக்காடு சரிந்தது?

முன்பதிவு என்பது வரவு. கையில் நிற்பது அதில் எவ்வளவு என்பது வேறு. நகைக்கடைச் சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சீட்டு முதிர்ந்து எல்லோரும் நகை எடுக்க வந்தால் கடையில் கூட்டம் நெரியும், கல்லாவில் புதுப் பணம் விழாது. 2020-இல் ரத்தான பயணங்களுக்குக் கப்பல் நிறுவனங்கள் பணத்துக்குப் பதிலாகப் பயணக் கடன் சீட்டு கொடுத்தன. பணமாக வாங்கினால் 100 டாலர், சீட்டாக எடுத்தால் 125 டாலர் மதிப்பு என்றுகூட ஆசை காட்டின. அந்தச் சீட்டுகள் 2021, 2022-இல் செலவாயின. கேபின் நிறைந்தது, ஒரு பயணிக்கான நிகர வருவாய் மெலிந்தது.

அத்துடன் நிரப்புவதற்காக விலையைக் குறைத்தார்கள். எரிபொருள் விலை ஏறிக்கிடந்தது. எல்லாவற்றுக்கும் மேல் கடன். கப்பல் ஓடாத காலத்தில் வாங்கியது சேர்ந்து கார்னிவலின் கடன் 3,000 கோடி டாலருக்கும் மேலே போயிற்று. 2020-இல் அதன் இழப்பு 1,020 கோடி டாலர், 2021-இல் 950 கோடி, கப்பல்கள் திரும்ப ஓடிய 2022-இலும் 610 கோடி. 2024-இல்தான் ஏறத்தாழ 190 கோடி டாலர் லாபம் பார்த்தது. விதியைத் தளர்த்தி ஆளைக் கூட்ட ஒரு வாரம் போதும், வட்டியைக் குறைக்க ஆண்டுகள் ஆகும். பங்குச் சந்தை இரண்டாவதைப் பார்த்தது.

காலியாகப் போவதைவிட மலிவாக விற்பது ஏன் என்று சிலர் கேட்டிருந்தார்கள். ஏறியபின் பயணி செலவிடும் மது, சூதாட்டம், கரையோரச் சுற்றுலா, இணையம் இவற்றிலிருந்து வருவது மொத்த வருவாயில் ஏறத்தாழ 3-இல் 1 பங்கு. கேபின் காலியென்றால் அதுவும் போச்சு.

சிங்கப்பூர், உட்லண்ட்ஸ் வாசகர்: எங்கள் ஊரில் கதை தலைகீழ். 2020 கடைசியில் விதிகள் மிகக் கடுமை, ஆனாலும் 'எங்கும் போகாத கப்பல்' நன்றாக விற்றது. இதை எப்படி விளக்குவீர்கள்?

அருமையான எதிர்க்கேள்வி. 2020 நவம்பர் 6-இல் வேர்ல்ட் ட்ரீம் கப்பலும், டிசம்பர் 1-இல் ராயல் கரீபியனின் குவாண்டம் ஆஃப் தி சீஸும் கிளம்பின. பாதிக் கொள்ளளவு, சிங்கப்பூர்வாசிகள் மட்டும், ஏறும் முன் பரிசோதனை, யார் யாரோடு நெருங்கினார்கள் என்று பதிவு செய்யும் டிரேஸ்டுகெதர் கருவி, எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் கடலில் சுற்றித் திரும்புதல். டிசம்பர் 9-இல் குவாண்டத்தில் 83 வயதுப் பயணிக்குப் பாசிட்டிவ் என்று கப்பலே பாதியில் திரும்பி, 1,680 பயணிகள் கேபினுக்குள் காத்திருந்து, பிறகு மறுசோதனையில் நெகட்டிவ் என்று தெரிந்தது. அப்படியும் ராயல் கரீபியன் சிங்கப்பூர்ப் பருவத்தை அடுத்தடுத்து நீட்டித்துக்கொண்டே போனது.

ஏனென்றால் அந்த நேரத்தில் சிங்கப்பூர்க்காரருக்கு வேறு எங்கும் போக வழியில்லை. மலேசியாவுக்குப் போகும் ஜொகூர் பாலம் மூடிக்கிடந்தது. விமானத்தில் போனால் திரும்பி வந்து தனிமை. பாலியும் இல்லை, பாங்காக்கும் இல்லை. அமெரிக்கப் பயணிக்கு 2022-இல் கான்கூன் விடுதி இருந்தது, உங்களுக்கு 2020-இல் அப்படி ஒன்றும் இல்லை. விதி எவ்வளவு கடுமை என்பதைப் பக்கத்துக் கடையோடு ஒப்பிட்டுத்தான் வாங்குகிறவர் அளக்கிறார். 2022 ஏப்ரல் 1-இல் எல்லைகள் திறந்தபின் எங்கும் போகாத கப்பலின் கவர்ச்சி போய்விட்டது. அதே ஆண்டு நடுவில் பினாங்கு, போர்ட் கிளாங் போன்ற துறைமுகங்களில் நிற்கும் பயணங்கள் திரும்பியபின்தான் வியாபாரம் பழைய தடத்துக்கு வந்தது. முன்பதிவு நன்றாக இருந்தால் மட்டும் நிறுவனம் பிழைத்துவிடாது என்பதற்கும் சான்று இங்கேயே இருக்கிறது. வேர்ல்ட் ட்ரீமின் உரிமையாளரான ஜென்டிங் ஹாங்காங் 2022 ஜனவரியில் கலைப்பு மனுவே போட்டது.

கனடா, ஸ்கார்பரோ வாசகர்: கொரோனாவுக்காகக் கப்பல்களுக்குக் கனடா போட்ட தடை அமெரிக்க அலாஸ்காவை ஏன் முடக்கியது?

1886-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் ஒன்றுதான் காரணம். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் இரண்டு அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே மட்டும் பயணிகளை ஏற்றிச் செல்லக் கூடாது, நடுவில் வெளிநாட்டில் நிற்க வேண்டும். பெரிய சொகுசுக் கப்பல்கள் பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா கொடிகளில் பதிவானவை. சியாட்டிலிலிருந்து அலாஸ்கா போகும் வழியில் நிற்க இருப்பது விக்டோரியா அல்லது வான்கூவர். கனடா 2022 பிப்ரவரி வரை தடையை நீட்டித்ததும் வழி அடைபட்டது. 2021 மே 24-இல் அமெரிக்கா தற்காலிக விலக்குச் சட்டம் கொண்டுவந்து, ஜூலையில் பெரிய கப்பல்கள் கிளம்பின. கனடா தடையை நவம்பர் 1-இலேயே விலக்கிக்கொண்டது.

இதே சிக்கல் தளர்வுக் காலத்திலும் தொடர்ந்தது. 2022 செப்டம்பரில் நிறுவனங்கள் பரிசோதனையை நீக்கியபோதும் கனடா, பெர்முடா போகும் கப்பல்களுக்கு அது பொருந்தவில்லை, அந்தந்த நாட்டு விதி நின்றது. நிறுவனத்தின் தளத்தைப் பார்த்துவிட்டுத் துறைமுக நாட்டின் விதியைப் பார்க்காமல் வந்தவர்கள் துறைமுகத்தில் முழித்தார்கள். கனடா 2022 அக்டோபர் 1-இல் எல்லாவற்றையும் நீக்கியது.

சென்னை, பெரம்பூர் வாசகி: நம் ஊரில் என்ன நிலை?

இங்கே தேவையைவிடக் கப்பல்தான் பற்றாக்குறை. 2019-இல் தொடங்கிய ஜலேஷ் என்ற கப்பல் நிறுவனம் பெருந்தொற்றில் மூழ்கி, அதன் கர்ணிகா கப்பல் 2020 இறுதியில் குஜராத்தின் அலங் கரையில் உடைக்கப்பட்டது. அதன் பிறகு 1990-இல் கட்டிய எம்ப்ரஸ் கப்பலோடு கார்டீலியா நிறுவனம் 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்து ஓடத் தொடங்கியது. 2022 ஜனவரியில் கோவாவில் அந்தக் கப்பலில் இருந்த ஏறத்தாழ 2,000 பேரில் 66 பேருக்குத் தொற்று என்று தெரிந்து மும்பைக்கே திருப்பி அனுப்பப்பட்டது. சென்னையிலிருந்து முதல் பயணத்தை முதலமைச்சர் 2022 ஜூன் 4-இல் தொடங்கிவைத்தார். அடுத்த வாரமே புதுச்சேரியில் நிற்க அனுமதி கிடைக்கவில்லை. அதற்குக் காரணம் நோயில்லை, கப்பலில் சூதாட்டம் என்ற எதிர்ப்பு. 2023 ஜூனில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கு நீண்டது. ஒரே கப்பல் பருவத்துக்குப் பருவம் மும்பைக்கும் சென்னைக்கும் மாறிய சந்தையில், சுகாதார விதித் தளர்வின் விளைவைத் தனியாகப் பிரித்தளக்க முடியாது.

நாகர்கோவில் வாசகர்: கப்பல்கள் தடுப்பூசிக் கட்டாயத்தை விட்டுவிட்டபின் தடுப்பூசி போடாத இந்தியர்களும் 2022-லேயே மயாமி போய் ஏறியிருக்கலாம் அல்லவா?

கப்பலில் ஏறியிருக்கலாம், மயாமியில் இறங்கியிருக்க முடியாது. அமெரிக்கர் அல்லாதவர் விமானத்தில் வந்தால் தடுப்பூசிச் சான்று கட்டாயம் என்ற விதி 2023 மே 11 வரை நீடித்தது. கோவிஷீல்டு செல்லும். கோவாக்ஸின் 2021 நவம்பரில் உலகச் சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் சேர்ந்தபின் செல்லுபடியானது. ஸ்புட்னிக் மட்டும் போட்டவர்கள் கடைசிவரை வெளியே நின்றார்கள்.

திருச்சி வாசகி: அப்பாவுக்கு 68, அம்மாவுக்கு 64. சிங்கப்பூரிலிருந்து 4 இரவுக் கப்பலில் அனுப்ப ஆசை. இப்போது என்னென்ன காகிதம் வேண்டும்? எதில் ஏமாறக் கூடாது?

இன்றைக்குப் பெரிய நிறுவனங்கள் பொதுவாகக் கொரோனாத் தடுப்பூசியோ பரிசோதனையோ கேட்பதில்லை. ஏறும் முன் உடல்நலக் கேள்விப் படிவம் ஒன்று உண்டு. காய்ச்சல், வாந்தி, பேதி இருந்தால் கப்பல் மருத்துவர் பார்த்துவிட்டுத்தான் விடுவார். உண்மையை எழுதச் சொல்லுங்கள்.

விசாதான் அடிக்கடி கழுத்தைப் பிடிக்கும் இடம். சிங்கப்பூரிலிருந்து மலேசியா போய்த் திரும்பினால் சிங்கப்பூருக்குள் இரண்டாவது முறை நுழைகிறீர்கள். அதனால் பலமுறை நுழையும் விசாவா என்று தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். கப்பல் நிற்கும் ஒவ்வொரு நாட்டின் விதியையும் தனியாகப் பார்க்க வேண்டும், இறங்காமல் கப்பலிலேயே இருப்போம் என்றாலும்கூட. பாஸ்போர்ட் பயணம் முடியும் நாளிலிருந்து 6 மாதமாவது செல்ல வேண்டும்.

இன்ஷூரன்ஸ் வாங்கும்போது மூன்று இடத்தில் விரல் வைத்துக் கேளுங்கள்: கப்பல் பயணம் சேருமா, கடலிலிருந்து ஹெலிகாப்டரிலோ படகிலோ கரைக்குக் கொண்டுபோகும் செலவு சேருமா, எவ்வளவு வரை, ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தம் சேருமா. கப்பல் மருத்துவமனையில் 'கேஷ்லெஸ்' பெரும்பாலும் நடக்காது. பில்லைக் கேபின் கணக்கில் ஏற்றிவிடுவார்கள், ஊர் திரும்பி நாம்தான் கோரிப் பெற வேண்டும். ஆகவே மருத்துவர் கையெழுத்திட்ட, ஒவ்வொரு செலவும் பிரித்து எழுதிய பில்லை இறங்கும் முன் வாங்கச் சொல்லுங்கள். இறங்கியபின் மின்னஞ்சலில் கேட்டு வாங்குவது பெரும்பாடு. மாத்திரைகளைப் பயண நாள்களோடு இன்னும் 7 நாளுக்குச் சேர்த்து, கைப்பையில், மருந்துச் சீட்டோடு வைக்கட்டும். பெரிய பெட்டி கேபினுக்கு வந்துசேர மாலை ஆகிவிடும்.

கப்பல் கிளம்பும் அன்றே விமானத்தில் போய் இறங்குவது வேண்டாம், முதல் நாள் போய்விடட்டும். விமானம் தாமதம் என்று கப்பல் காத்திருக்காது. பயணம் முடிவானதும் ரத்துக் கட்டண அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். பெருந்தொற்றுக் காலத்தில் கிளம்ப 2 நாள் முன்புவரை ரத்து செய்யலாம் என்ற சலுகைகள் இருந்தன. விதிகள் தளர்ந்தபோது அவையும் சத்தமில்லாமல் போய்விட்டன. இப்போது கடைசி வாரங்களில் ரத்து செய்தால் முழுத் தொகையும் போகும்.

தென் அமெரிக்கா, பனாமா கால்வாய், கிழக்கு ஆப்பிரிக்கா பக்கம் சில நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு தடுப்பூசி இன்றும் கட்டாயம்: மஞ்சள் காய்ச்சல். போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லுபடியாகும், பிறகு ஆயுளுக்கும் போதும். சான்றில்லாமல் அந்த நாடுகளிலிருந்து இந்தியா திரும்பினால் 6 நாள் வரை தனிமையில் வைக்க விதி இருக்கிறது. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். 60 வயதைக் கடந்தவர்களுக்குப் பக்கவிளைவு கூடுதல் என்பதால் முதலில் சொந்த மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போகவும்.

ஈரோடு வாசகர்: கொரோனா போனபின் கப்பலில் எதற்குப் பயப்பட வேண்டும்?

நோரோவைரஸ். வாந்தி, பேதி, 1 முதல் 3 நாள். கப்பல்கள் பாதி காலியாக, பஃபே உணவை ஊழியர் பரிமாறிய நாளில் இது அடங்கியிருந்தது. கூட்டமும் கரண்டியும் திரும்பியதும் இதுவும் திரும்பியது. சிடிசி கணக்குப்படி வயிற்றுப்போக்குப் பரவல்கள் 2023-இல் 14, 2024-இல் 18. பயணிகளிலோ ஊழியர்களிலோ 3 விழுக்காட்டினருக்கு வந்தால் அதைப் பரவல் என்று வெளியிடுவார்கள்.

கொரோனா பழக்கிய ஒன்று இங்கே ஏமாற்றுகிறது. பலரும் கைக்குச் சானிட்டைசர் தடவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆல்கஹால் இந்தக் கிருமியை அவ்வளவாகக் கொல்லாது, சோப்புத் தண்ணீரில் 20 விநாடி தேய்த்துக் கழுவ வேண்டும். பொதுக் கரண்டியைத் தொட்டுப் பரிமாறிக்கொண்டபின் ரொட்டியைக் கையால் பிய்ப்பதற்கு முன் இன்னொரு முறை. அமெரிக்கத் துறைமுகம் வரும் கப்பல்களைச் சிடிசி முன்னறிவிப்பின்றிச் சோதித்து 100-க்கு மதிப்பெண் போடுகிறது. 85-உம் அதற்குக் கீழேயும் தோல்வி. சிடிசி தளத்தில் கப்பல் பெயரைப் போட்டால் மதிப்பெண்ணும் பிடிபட்ட குறைகளும் வரும். கேபின் எண்ணைத் தேர்ந்தெடுக்கும் முன் அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.